பிரிட்டன் நாடாளுமன்றத்தில் ஒரு செவ்வாய்: காலையில் வெளியுறவு, மாலையில் வீட்டு வாடகை

லண்டன் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வகை வீடியோ அடிக்கடி சுற்றும். பச்சை நிற பெஞ்சுகள், எழுந்து நிற்கும் ஒரு எம்.பி., இலங்கையைப் பற்றி அரை நிமிடக் கேள்வி, எதிர்ப்பக்கம் எழுந்து அமைச்சர் சொல்லும் பதில். கீழே ஒருவர் "நம் பிரச்சினை நாடாளுமன்றத்தில் எழுப்பப்பட்டது" என்று எழுதியிருப்பார். இன்னொருவர் "சரி, அதனால் என்ன ஆச்சு?" என்று கேட்டிருப்பார்.

இரண்டாமவர் கேட்பது நியாயமான கேள்வி. அந்த சபை ஒரே நாளில் இரண்டு வெவ்வேறு வேலைகளைச் செய்கிறது என்று புரிந்துகொண்டால் அதற்குப் பதில் கிடைக்கும். ஒன்று, அரசைக் கேள்வி கேட்பது. மற்றது, சட்டம் இயற்றுவது. வெளியுறவு பெரும்பாலும் முதல் வகையில் வரும். வீட்டு வாடகை இரண்டாம் வகை. முதல் வேலையில் எம்.பி.க்களால் கேட்கவும் அழுத்தம் கொடுக்கவும் மட்டுமே முடியும். இரண்டாவதில் அவர்கள் ஒப்புதல் இல்லாமல் ஒரு வரிகூடச் சட்டமாகாது.

செவ்வாய்க்கிழமையை எடுத்துக்கொள்வோம். வெளியுறவு அமைச்சகம் வாய்மொழியாகப் பதில் சொல்லும் முறை சில வாரங்களுக்கு ஒருதடவை செவ்வாயில்தான் வருகிறது. இங்கிலாந்தின் வாடகைதாரர் உரிமை மசோதா கீழவையான காமன்ஸ் சபையைத் தாண்டியதும் ஒரு செவ்வாயில்தான்: 2025 ஜனவரி 14.

சபை காலை 11.30-க்குக் கூடும். முதலில் பிரார்த்தனை, சில நிமிடங்கள். டிவி கேமராவுக்கு அந்த நேரத்தில் அனுமதியில்லை. எம்.பி.க்கள் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பார்கள். பக்தி குறைவானவர்கள்கூட இதற்கு வந்துவிடுவது உண்டு, காரணம் இடம். மொத்த எம்.பி.க்கள் 650 பேர், உட்கார இருப்பதோ சுமார் 430 இடம். பிரார்த்தனைக்கு வருபவர் தன் பெயர் எழுதிய அட்டையை இருக்கையில் செருகிவிட்டால் அன்று அந்த இடம் அவருக்கு. பஸ்ஸில் கைக்குட்டை போட்டு சீட் பிடிக்கிற கதைதான்.

பிறகு கேள்வி நேரம், ஒரு மணி நேரம். நம் ஊர் மக்களவையின் கேள்வி நேரத்துக்கு மூலம் இதுதான் என்பதால் பலருக்குப் பழகிய காட்சியாகத் தெரியும். ஆனால் நுணுக்கங்கள் வேறு.

கேள்விகளைச் சில நாள் முன்பே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். வந்தவை எல்லாம் குலுக்கலில் போகும். கணினி குலுக்கிப் போட்ட வரிசையில் முதல் 25 கேள்விகள் அன்றைய நிகழ்ச்சி நிரலில் அச்சாகும். எத்தனை பெரிய தலைவராக இருந்தாலும் சாதாரண எம்.பி.யாகக் கேள்வி கொடுத்தால் குலுக்கலுக்கு உட்பட்டவர்தான். எதிர்க்கட்சியின் வெளியுறவுப் பேச்சாளர் போன்ற சிலருக்குத்தான் குலுக்கல் தேவையில்லை. அவர்களுக்கு இடம் உறுதி.

சபாநாயகர் பெயரைக் கூப்பிட்டதும் அந்த எம்.பி. எழுந்து தன் கேள்வியைப் படிப்பதில்லை. "எண் ஒன்று, சபாநாயகர் அவர்களே" என்று எண்ணை மட்டும் சொல்லி உட்கார்ந்துவிடுவார். கேள்விதான் அச்சில் இருக்கிறதே. அமைச்சர் தயாராக வைத்திருக்கும் பதிலைப் படிப்பார். ஒரே பொருளில் மூன்று நான்கு கேள்விகள் வந்திருந்தால், "1, 7, 12 ஆகிய கேள்விகளுக்குச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்" என்பார். வரிசையில் பன்னிரண்டாவதாக இருந்தவருக்கு இதனால் முன்கூட்டியே வாய்ப்பு வந்துவிடும்.

இதுவரை நடந்தது வெறும் சடங்கு. விஷயம் அடுத்ததில்தான் இருக்கிறது. முதல் பதில் முடிந்ததும் அதே எம்.பி.க்கு ஒரு துணைக்கேள்வி கேட்க உரிமை உண்டு. இதை முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. அச்சில் உள்ள கேள்வி "மத்திய கிழக்கின் நிலைமை குறித்து அமைச்சரின் மதிப்பீடு என்ன" என்று பொதுவாக இருக்கும். துணைக்கேள்வியோ குறிப்பிட்ட ஓர் ஆயுத ஏற்றுமதி உரிமத்தைப் பற்றியோ, சிறையில் இருக்கும் ஒரு தொகுதிவாசியைப் பற்றியோ இருக்கும். அதனால்தான் அமைச்சர் முன் அந்தத் தடித்த கோப்பு. எந்த நாட்டுக்கு எந்தப் பக்கம் என்று வண்ணத் தாள்கள் ஒட்டி அதிகாரிகள் தயாரித்துக் கொடுத்தது. மற்ற எம்.பி.க்களும் அதே பொருளில் கேட்க விரும்பினால் ஒவ்வொரு பதில் முடியும்போதும் எழுந்து எழுந்து உட்காருவார்கள். சபாநாயகரின் கண்ணில் பட வேண்டும். டிவியில் பார்க்கிறவர்களுக்கு இது ஏதோ உடற்பயிற்சி போலத் தெரியும்.

கடைசிக் கால்மணி நேரம் அன்றன்றைய விஷயங்களுக்கு. இங்கே கேள்வியின் பொருளைக்கூட முன்னரே சொல்ல வேண்டாம். வாட்ஸ்அப்பில் சுற்றும் துண்டு வீடியோக்களில் பாதி இந்தப் பதினைந்து நிமிடத்திலிருந்துதான் வெட்டப்பட்டவை.

சரி, இத்தனை கேள்விக்குப் பிறகு ஏன் வாக்கெடுப்பு இல்லை? இதைப் புரிந்துகொள்ள அரசரிடம் போக வேண்டும். போர் தொடுப்பது, உடன்படிக்கை செய்வது, ஒரு நாட்டை அங்கீகரிப்பது, தூதரை அனுப்புவது எல்லாம் பிரிட்டனில் ஒருகாலத்தில் மன்னரின் தனி அதிகாரம். மன்னர் கையிலிருந்து அது அமைச்சர்கள் கைக்கு மாறியது. நாடாளுமன்றத்தின் கைக்கு முழுசாக வரவேயில்லை. இன்றும் அமைச்சர்கள் இந்த முடிவுகளை மன்னரின் பெயரால், சபையின் முன் அனுமதி இல்லாமலே எடுக்கலாம்.

பாலஸ்தீனத்தின் கதை இதற்குப் பொருத்தமான உதாரணம். 2014 அக்டோபர் 13 அன்று காமன்ஸ் சபை பாலஸ்தீனத்தை ஒரு நாடாக அங்கீகரிக்க வேண்டும் என்று 274-க்கு 12 என்ற வாக்குகளில் தீர்மானம் போட்டது. ஆளும் தரப்பு அதைக் கேட்டுக்கொண்டது, அவ்வளவுதான். தீர்மானம் அரசைக் கட்டுப்படுத்தாது. பதினொரு ஆண்டு கழித்து, 2025 செப்டம்பர் 21 அன்று, பிரதமர் கியர் ஸ்டார்மர் அங்கீகாரத்தை அறிவித்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை. கட்சி மாநாடுகளுக்காக சபையும் விடுமுறையில் இருந்தது. சபை சொன்னபோது நடக்கவில்லை. சபை இல்லாதபோது நடந்தது. இரண்டுமே சட்டப்படி சரி.

போர் விஷயத்தில் மட்டும் ஒரு வழக்கம் உருவாகியிருக்கிறது. ராணுவத்தைப் பெரிய அளவில் இறக்கும் முன் சபையில் விவாதம் நடத்துவது. 2013 ஆகஸ்டில் சிரியா மீது நடவடிக்கை எடுக்கும் தீர்மானத்தை டேவிட் கேமரன் கொண்டுவந்தார். 285-க்கு 272 என்று தோற்றார், தோல்வியை ஏற்றுத் திட்டத்தைக் கைவிட்டார். ஆனால் இது எழுதப்பட்ட சட்டம் இல்லை. 2018-இல் தெரசா மே சிரியா மீது குண்டுவீச உத்தரவிட்டபோது முன்கூட்டி வாக்கெடுப்பு நடக்கவில்லை.

உடன்படிக்கைகளுக்கு 2010-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. கையெழுத்தான உடன்படிக்கையை அரசு சபையின் முன் வைக்க வேண்டும். சபை நடக்கும் நாள்களாகக் கணக்கிட்டு 21 நாள் காத்திருக்க வேண்டும். அதற்குள் காமன்ஸ் எதிர்த்துத் தீர்மானம் போட்டால் அரசு உறுதிசெய்ய முடியாது. அரசு காரணம் சொல்லி மறுபடி வைக்கலாம், சபை மறுபடி எதிர்க்கலாம். காகிதத்தில் இது வலுவான அதிகாரம். ஆனால் அந்த விவாதத்துக்கு நேரம் ஒதுக்குவது யார் என்றால், சபையின் நேரத்தைப் பெரும்பாலும் கையில் வைத்திருக்கும் அதே அரசுதான்.

இங்கே சாகோஸ் தீவுகளைச் சொல்லாமல் போக முடியாது. இந்தியப் பெருங்கடலில் உள்ள அந்தத் தீவுக்கூட்டத்தில்தான் டியேகோ கார்சியா ராணுவத் தளம் இருக்கிறது. தமிழர்களுக்கு அந்தப் பெயர் பழக்கமானது. 2021 அக்டோபரில் கனடாவை நோக்கிப் படகில் கிளம்பிய இலங்கைத் தமிழர்கள் பலர் அங்கே கரைசேர்ந்து, மூன்று ஆண்டுக்கு மேல் கூடாரங்களில் அடைபட்டுக் கிடந்தார்கள். பெரும்பாலோர் 2024 டிசம்பரில்தான் பிரிட்டனுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். தீவுகளின் இறையாண்மையை மொரீஷியஸிடம் கொடுத்து, தளத்தை 99 ஆண்டுக்குக் குத்தகைக்கு எடுக்கும் உடன்படிக்கை 2025 மே 22-இல் கையெழுத்தானது. பேச்சு நடந்த மாதங்களில் எதிர்க்கட்சியினர் பலமுறை அவசரக் கேள்வி கேட்டார்கள். அவசரக் கேள்வி என்பது, அன்று காலை சபாநாயகரிடம் விண்ணப்பித்து, அவர் அனுமதித்தால், அமைச்சர் அன்றைக்கே சபைக்கு வந்து பதில் சொல்லியாக வேண்டிய ஏற்பாடு. அமைச்சர்கள் வந்தார்கள், பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது விவரம் சொல்ல முடியாது என்றார்கள், போனார்கள்.

ஆனால் கையெழுத்துக்குப் பிறகு நிலைமை கொஞ்சம் மாறியது. உடன்படிக்கையால் மட்டும் உள்நாட்டுச் சட்டத்தை மாற்ற முடியாது என்பது பிரிட்டனின் அடிப்படை விதி. அந்தத் தீவுகள் பிரிட்டனின் பகுதி என்று சொல்லும் சட்டங்களை மாற்ற மசோதா வேண்டும். மசோதா வந்துவிட்டால் ஒவ்வொரு பிரிவையும் சபை கையிலெடுத்துக்கொள்ளும்.

அப்படியானால் கேள்வி நேரம் வீணா? இல்லை. இலங்கையையே பார்க்கலாம். போர்க்காலக் குற்றச்சாட்டுகளுக்கு ஆளான இலங்கை ராணுவ அதிகாரிகள் மேல் தடை விதிக்க வேண்டும் என்று பல கட்சி எம்.பி.க்கள் வருடக்கணக்கில் கேட்டுவந்தார்கள். இலங்கையின் அப்போதைய ராணுவத் தளபதி சவேந்திர சில்வா நுழைய அமெரிக்கா 2020-லேயே தடை போட்டுவிட்டது, நீங்கள் எப்போது என்பது திரும்பத் திரும்ப வந்த கேள்வி. அதற்கு வந்த பதில் "யார்மேல் தடை வரும் என்று முன்கூட்டி ஊகிக்க முடியாது" என்கிற ரீதியில் ஒரே மாதிரி இருந்தது. 2025 மார்ச் 24 அன்று சவேந்திர சில்வா, வசந்த கரன்னாகொட, ஜகத் ஜயசூரிய, கருணா அம்மான் எனப்படும் விநாயகமூர்த்தி முரளிதரன் ஆகிய நால்வர்மேல் பிரிட்டன் பயணத் தடையும் சொத்து முடக்கமும் விதித்தது. அதற்கு சபையில் வாக்கெடுப்பு நடக்கவில்லை. 2018-இல் இயற்றிய தடைகள் சட்டம் தந்த அதிகாரத்தில் அமைச்சர் செய்தது. எம்.பி.க்களின் கேள்விகளால்தான் நடந்தது என்று நிரூபிக்க வழியில்லை. ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் அமைச்சகத்தில் யாரோ ஒரு அதிகாரி உட்கார்ந்து பதில் எழுத வேண்டியிருந்தது, ஒவ்வொரு பதிலும் அதிகாரபூர்வப் பதிவேட்டில் ஏறியது. கேள்வியால் கிடைப்பது இதுதான்: விஷயம் மேசையை விட்டு நகராது.

கேள்வி நேரத்தைவிட ஆழமாக இந்த வேலையைச் செய்வது வெளியுறவுத் தெரிவுக்குழு. பதினொரு எம்.பி.க்கள், அமைச்சரை ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்துத் தொடர்ந்து கேட்பார்கள். ஆவணம் கேட்பார்கள், அறிக்கை எழுதுவார்கள், அரசு பதில் எழுதியாக வேண்டும். ஈழத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து 2024-இல் ஸ்ட்ராட்ஃபோர்ட் அண்ட் போ தொகுதியில் வென்ற உமா குமரன் இந்தக் குழுவில் இடம்பெற்றார். முப்பது விநாடி வீடியோவைவிடக் குழு விசாரணையின் எழுத்துப் பதிவைப் படிப்பது பலமடங்கு பயன். யாரும் படிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

பகல் பன்னிரண்டரை தாண்டியதும் கேள்வி நேரம் முடியும். அவசரக் கேள்வி இருந்தால் அது, அமைச்சர்களின் அறிக்கைகள் இருந்தால் அவை, பிறகு ஓர் எம்.பி. பத்து நிமிடம் பேசித் தன் சொந்த மசோதாவை அறிமுகம் செய்வது. இவை முடிய மதியம் ஆகிவிடும். அப்புறம்தான் அன்றைய முக்கிய வேலை.

வாடகைதாரர் மசோதாவின் கதை 1988-இல் தொடங்குகிறது. அந்த ஆண்டின் வீட்டுவசதிச் சட்டத்தில் 21-ஆம் பிரிவு என்று ஒன்று. குத்தகைக் காலம் முடிந்துவிட்டால் வீட்டுக்காரர் இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்து வாடகைதாரரைக் காலி செய்யச் சொல்லலாம். காரணம் சொல்ல வேண்டாம். வாடகை பாக்கி இல்லாவிட்டாலும், ஒரு புகாரும் இல்லாவிட்டாலும் போயாக வேண்டும். கூரை ஒழுகுகிறது, சுவரில் பூஞ்சை பிடிக்கிறது என்று வீட்டுக்காரரிடம் சொல்லப் பலர் பயந்ததற்குக் காரணம் இந்தப் பிரிவு. ரிப்பேர் கேட்டால் நோட்டீஸ் வரும் என்கிற பயம்.

இதை ஒழிப்போம் என்று கன்சர்வேட்டிவ் அரசு 2019 ஏப்ரலில் அறிவித்தது. மசோதா வந்தது 2023 மே மாதம். காமன்ஸில் நிறைவேறி மேலவையான பிரபுக்கள் சபைக்குப் போன நேரத்தில் 2024 மே மாதம் தேர்தல் அறிவிக்கப்பட்டது. நாடாளுமன்றம் கலைந்தால் முடியாத மசோதாக்கள் எல்லாம் செத்துவிடும், அதுவும் செத்தது. ஐந்து ஆண்டு உழைப்பு குப்பைக்கு. லேபர் அரசு வந்ததும் இன்னும் கடுமையான புது மசோதாவை 2024 செப்டம்பர் 11-இல் கொண்டுவந்தது.

ஒரு மசோதா காமன்ஸைக் கடக்கும் வழி இப்படி. முதல் வாசிப்பில் தலைப்பை மட்டும் படிப்பார்கள், விவாதமே கிடையாது. இரண்டாம் வாசிப்பில் கொள்கை அளவில் வேண்டுமா வேண்டாமா என்று நாள் முழுக்க விவாதம், வாக்கெடுப்பு. இந்த மசோதாவுக்கு அது 2024 அக்டோபர் 9. அடுத்து ஒரு சிறு குழு, பிரிவு பிரிவாக, சொல் சொல்லாகப் பார்க்கும். அதன்பின் மசோதா மறுபடி முழு சபைக்கு வரும். குழுவில் இல்லாத எம்.பி.க்களும் திருத்தம் கொடுக்க இதுதான் வாய்ப்பு. கடைசியாக மூன்றாம் வாசிப்பு. அதில் திருத்தம் கிடையாது, மொத்தமாக ஏற்பதா நிராகரிப்பதா என்பது மட்டும்.

2025 ஜனவரி 14 அன்று கடைசி இரண்டு கட்டங்களும் ஒரே நாளில் நடந்தன. அன்று சேர்ந்த திருத்தங்களில் ஒன்றைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம்.

பிரிட்டனுக்குப் புதிதாக வருகிற மாணவருக்கோ வேலைக்கு வருகிறவருக்கோ அங்கே கடன் வரலாறு இருக்காது, ஜாமீன் கையெழுத்துப் போட ஆளும் இருக்காது. வீட்டு ஏஜென்ட் அதற்கு ஒரு வழி சொல்வார்: ஆறு மாத வாடகையை முன்கூட்டியே கட்டிவிடுங்கள். சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ போன பலர் கடன் வாங்கி இதைக் கட்டியிருக்கிறார்கள். சிலரிடம் ஒரு வருட வாடகையே கேட்கப்பட்டது. டெபாசிட் இதில் சேராது. டெபாசிட்டுக்கு 2019-லேயே உச்சவரம்பு வந்துவிட்டது, பெரும்பாலான வீடுகளுக்கு ஐந்து வார வாடகை. ஆனால் முன்பண வாடகைக்கு வரம்பு இருக்கவில்லை. காசு இருப்பவர் ஒரு வருடத்தைக் கொட்டி வீட்டை எடுத்துவிடுவார், மாதச் சம்பளக்காரர் தோற்பார். அரசே கொண்டுவந்த திருத்தம், ஒரு மாத வாடகைக்கு மேல் முன்கூட்டிக் கேட்கக் கூடாது என்றது. செப்டம்பரில் வந்த மூல மசோதாவில் இது இல்லை. நான்கு மாத விவாதத்தில் வந்து சேர்ந்தது. சட்டம் இயற்றும் வேலை என்பது இதுதான். காலையில் அமைச்சரிடம் கேட்டதற்குப் பதில் வார்த்தையாக வரும், மாலையில் கேட்டது சட்டத்தின் வரியாகவே மாறலாம்.

எல்லாமே மாறும் என்று நினைத்துவிட வேண்டாம். திருத்தம் கொடுப்பவருக்குப் பெரும்பான்மை வேண்டும், பெரும்பான்மை அரசிடம் இருக்கிறது. வாடகை உயர்வுக்கு நேரடி உச்சவரம்பு வேண்டும் என்று இடதுபக்கத்திலிருந்து வந்த கோரிக்கைகள் ஏறவில்லை. வீட்டுக்காரர்களுக்குச் சாதகமாக எதிர்க்கட்சி கேட்டதும் ஏறவில்லை.

வாக்கெடுப்பு வந்தால் கட்டடம் முழுக்க மணி அடிக்கும். எட்டு நிமிடம் அவகாசம். சாப்பாட்டுக்கூடத்தில் இருந்தாலும் எழுந்து ஓடி வர வேண்டும். சபைக்கு இருபுறமும் இரண்டு நீளமான தாழ்வாரங்கள்: ஆதரவு என்றால் சபாநாயகருக்கு வலப்புறம், எதிர்ப்பு என்றால் இடப்புறம். எம்.பி. அதன் வழியாக நடந்து தன் அட்டையைக் கருவியில் தட்ட வேண்டும். எட்டு நிமிடம் முடிந்ததும் "கதவுகளைப் பூட்டுங்கள்" என்று சபாநாயகர் சொல்வார், பூட்டிவிடுவார்கள். ஒரு வாக்கெடுப்புக்குக் கால்மணி நேரம் போகும். பட்டன் அமுக்கினால் போச்சே என்று நாம் நினைப்போம். ஆனால் அந்தத் தாழ்வாரத்தில்தான் சாதாரண எம்.பி. ஒருவர் அமைச்சரோடு தோளோடு தோள் நின்று தன் தொகுதி விஷயத்தைக் காதில் போட முடிகிறது. அதை இழக்க அவர்களுக்கு மனசில்லை. அன்று மூன்றாம் வாசிப்பு 440-க்கு 111 என்று நிறைவேறியது.

நடுவில் ஒரு விசித்திரம். வெளியுறவு ஒட்டுமொத்த பிரிட்டனுக்கும் பொது. வீட்டுவசதியோ ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றில் அந்தந்த நாடாளுமன்றங்களின் பொறுப்பு. காரணமில்லாத வெளியேற்றத்தை ஸ்காட்லாந்து 2017-லேயே நிறுத்திவிட்டது. லண்டனில் விவாதித்த மசோதாவின் பெரும்பகுதி இங்கிலாந்துக்கு மட்டும்தான். ஆனாலும் கிளாஸ்கோ எம்.பி. அதில் வாக்களிக்கலாம். இங்கிலாந்து விஷயத்தில் இங்கிலாந்து எம்.பி.க்களுக்கே தனி வாக்கு என்று 2015-இல் ஒரு விதி கொண்டுவந்து பார்த்தார்கள், 2021-இல் எடுத்துவிட்டார்கள். மாநிலப் பட்டியல், மத்தியப் பட்டியல் என்று தெளிவாகப் பிரித்துப் பழகிய நமக்கு இது கொஞ்சம் தலைசுற்றும்.

காமன்ஸ் முடித்துவிட்டால் கதை முடிவதில்லை. மசோதா பிரபுக்கள் சபைக்குப் போய் பல மாதம் இருந்தது. தேர்தலில் நிற்காத அந்தப் பிரபுக்கள் செய்த மாற்றங்களில் ஒன்று சுவாரசியமானது. வீட்டில் நாய், பூனை வளர்க்க வாடகைதாரர் கேட்டால் வீட்டுக்காரர் நியாயமான காரணமின்றி மறுக்கக் கூடாது என்பது மசோதாவில் இருந்தது. சரி, நாய் சோபாவைக் கடித்தால் யார் பொறுப்பு? அதற்காகக் கூடுதலாக மூன்று வார வாடகையை டெபாசிட்டாக வாங்கலாம் என்று பிரபுக்கள் சேர்த்தார்கள். 2025 செப்டம்பர் 8 அன்று காமன்ஸ் அதை நிராகரித்தது. இப்படி மசோதா இரண்டு சபைக்கும் இடையே போய்வந்து, கடைசியில் தேர்தலில் வென்று வந்தவர்களின் பேச்சே எடுபட்டது. அக்டோபர் 27-இல் மன்னரின் ஒப்புதல் கிடைத்தது. முக்கியப் பகுதிகள் நடைமுறைக்கு வர அரசு குறித்த நாள் 2026 மே 1.

சட்டத்தில் என்ன இருக்கிறது? 21-ஆம் பிரிவு போய்விடுகிறது. காலி செய்யச் சொல்லக் காரணம் வேண்டும், அது சட்டம் பட்டியலிட்ட காரணமாக இருக்க வேண்டும். வீட்டை விற்க வேண்டும், அல்லது தன் குடும்பமே குடிவர வேண்டும் என்றால் வீட்டுக்காரர் கேட்கலாம். ஆனால் குடிவந்த முதல் 12 மாதத்துக்கு அந்தக் காரணம் செல்லாது, நான்கு மாத நோட்டீஸும் வேண்டும். விற்கிறேன் என்று காலி செய்ய வைத்துவிட்டு அடுத்த மாதமே அதிக வாடகைக்கு விடவும் முடியாது. 12 மாதம் வாடகைக்கு விடத் தடை. ஒரு வருட ஒப்பந்தம் என்பதே இல்லாமல் மாதாமாதம் தொடரும் குடித்தனமாக எல்லாம் மாறுகிறது. வாடகைதாரர் இரண்டு மாதம் முன்கூட்டிச் சொல்லிவிட்டு எப்போது வேண்டுமானாலும் போகலாம். விளம்பரத்தில் போட்ட வாடகைக்கு மேல் ஏலம் விடுவதற்கும், அரசு உதவித்தொகை வாங்குபவர், குழந்தை உள்ளவர் என்று ஒதுக்குவதற்கும் தடை.

வாடகை உயர்வைப் பற்றித்தான் அதிகக் குழப்பம். வருடத்துக்கு ஒருமுறை மட்டுமே உயர்த்தலாம், இரண்டு மாதம் முன்பே உரிய படிவத்தில் சொல்ல வேண்டும். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இப்போது வாடகை 1,400 பவுண்டு, வீட்டுக்காரர் 1,700 கேட்கிறார். வாடகைதாரர் தீர்ப்பாயத்துக்குப் போகிறார். அந்தப் பகுதியின் சந்தை வாடகை 1,600 என்று தீர்ப்பாயம் கண்டால் 1,600. சந்தை வாடகை 1,800 என்று கண்டாலோ? பழைய முறையில் 1,800 ஆகவே வைத்துவிட முடியும், அந்தப் பயத்தில் பலர் போகவேயில்லை. புதுச் சட்டத்தில் வீட்டுக்காரர் கேட்ட 1,700-ஐத் தாண்ட முடியாது. ஆகவே போய்ப் பார்ப்பதில் நஷ்டமில்லை. ஆனால் சந்தை வாடகையே ஏறிக்கொண்டிருக்கும் லண்டனில் இது எவ்வளவு தூரம் காப்பாற்றும்? அதிகம் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. காரணமில்லாமல் வெளியேற்றுவதைத் தடுத்த சட்டம், கட்ட முடியாமல் வெளியேறுவதைத் தடுக்கவில்லை.

வீடியோ பார்த்துவிட்டுத் தன் எம்.பி.க்கு எழுத நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வெளியுறவு விஷயம் என்றால் அமைச்சகத்தின் முறை எந்தச் செவ்வாய் என்று பார்த்து, கேள்வி கொடுக்கும் கெடுவுக்கு முன் எழுதுங்கள். துணைக்கேள்விக்கு உதவும் ஒரு துல்லியமான தகவலைக் கொடுங்கள். பொதுவான கண்டனக் கடிதம் பொதுவான பதிலோடு திரும்பும். மசோதா விஷயம் என்றால் குழு நிலையைத் தவறவிடாதீர்கள். அந்தக் குழுவுக்கு எழுத்துமூலம் சாட்சியம் அனுப்ப எம்.பி. துணைகூட வேண்டாம், யார் வேண்டுமானாலும் அனுப்பலாம்.

வாடகைச் சட்டம் நிறைவேறிவிட்டதால் இனி வேலையில்லை என்று இல்லை. வீட்டுக்காரர்களைப் பதிவு செய்யும் தரவுத்தளம், புகார்களைத் தீர்க்கும் குறைதீர்ப்பாளர், பூஞ்சை பிடித்த வீட்டை எத்தனை நாளுக்குள் சரிசெய்ய வேண்டும் என்னும் கெடு, இவையெல்லாம் சட்டத்தில் கூடாகத்தான் இருக்கின்றன. உள்ளடக்கத்தைப் பின்னர் அமைச்சர் விதிகளாக எழுதிக் கொண்டுவருவார். அந்த விதிகளில் சபை ஒரு சொல்லையும் திருத்த முடியாது, அப்படியே ஏற்கலாம் அல்லது நிராகரிக்கலாம். காமன்ஸ் சபை கடைசியாக அப்படி ஒன்றை நிராகரித்தது 1979-இல், மண்ணெண்ணெய் விலை தொடர்பான ஓர் ஆணையை.